கை உயர்த்தியவர்கள்

நாகலூருக்கு அப்பால் ஜீப் நின்றது.
இதற்கு மேல் பாதையில்லை என்று
டிரைவர் சொல்லவில்லை,
பீடியைப் பற்றவைத்தார்.

நாங்கள் ஆறு பேர்.
தலைமேல் ஆர்மோனியத்தோடு
உபதேசியார் ஞானசிகாமணி,
மாத்திரைப் பெட்டியோடு நர்ஸ் கிரேஸ்லின்,
அஸ்தம்பட்டியிலிருந்து கல்லூரிப் பையன்கள் இருவர்,
தார்ப்பாயைச் சுமக்க எபனேசர் அண்ணன்.
பிறகு நான்,
ஜெபக் குறிப்பு நோட்டுக்காரி.

காப்பிச் செடிகளுக்கிடையில் ஏறினோம்.
முதல் அட்டை கிரேஸ்லின் காலில்.
இரத்தத்தைப் பற்றிய பாட்டொன்றைத்
தொடங்கியிருந்த பையன்
சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

கொழுஞ்சிப்பாறை.
இருபத்து மூன்று வீடுகள்.
ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி கேட்டேன்:
உங்களுக்காக எதற்கு ஜெபிக்கட்டும்?

"காட்டெருமை" என்றார் சடையன்.
அவ்வளவுதான்.
கேழ்வரகு விதைத்த கையால்
மலைச்சரிவைக் காட்டினார்.

பூங்காவனத்தின் மகன் திருப்பூரில்,
பனியன் கம்பெனியில்.
மூன்று மாதமாய்ப் பேச்சில்லை.
"அவன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான்,
இங்கதான் டவர் இல்லையே"
என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

பன்னிரண்டாவது முடித்த சித்ராவுக்கு
சாதிச் சான்றிதழ் வேண்டும்.
"தாசில்தார் பேரையும் எழுதணுமா அக்கா,
இல்ல, சாமிக்கே தெரியுமா?"

பகலிலேயே குடித்திருந்த ஒருவர்
பெயர் சொல்லவில்லை.
"எனக்கு வேண்டாம்மா.
எம்பொண்டாட்டிக்கு வேண்டிக்க.
எங்கூட இருக்கா பாவம்."

கடைசி வீடு பூசாரி வீடு என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
திருநீற்று நெற்றியைப் பார்த்துத் திரும்பப் போனேன்.
கூப்பிட்டார்.
"மழை. எங்க சேர்வராயன்கிட்ட
சொல்லித்தான் இருக்கேன்.
நீங்களும் ஒரு வார்த்தை போட்டு வைங்க."

சாயங்காலம் கூட்டம்.
நான்கு மூங்கிலில் தார்ப்பாய்.
அதன் கீழ் பெட்ரோமாக்ஸ், ஆர்மோனியம்,
கிரேஸ்லினின் பிரஷர் மிஷின்.
உபதேசியார் கானாவூர்க் கல்யாணத்தில்
திராட்சரசம் தீர்ந்துபோன இடத்தில் இருந்தார்.
மழை வந்தது.

அது கேட்டு வந்த மழை போலில்லை,
பாக்கி வசூலிக்க வந்த மழை.
தார்ப்பாய் நடுவில் குளம் கட்டி
வயிறு தொங்கி
ஒரு மூங்கில் வழுக்கி விழ,
யாரோ கை நீட்டித் தாங்கினார்கள்.
பிறகு இன்னொருவர்.
பிறகு எல்லோரும்.

முக்கால் மணி நேரம்
தலைக்கு மேல் கைகளோடு நின்றோம்.
விசுவாசிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று
அழைக்கும் இடத்துக்கு
உபதேசியார் இன்னும் வந்திருக்கவில்லை.
பூசாரி அவருக்கு நேரெதிரே நின்றார்.
இது யார் கொடுத்த மழை என்பதைத் தவிர்க்க
இருவரும் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவனம் அவித்த குச்சிக்கிழங்கைக்
குண்டானோடு கொண்டுவந்தாள்.
வாங்க யாருக்கும் கையில்லை.
பிட்டுப் பிட்டு வாயில் போட்டாள்:
சடையனுக்கு, எபனேசர் அண்ணனுக்கு,
பூசாரிக்கு, அதே விரல்களால்
உபதேசியாருக்கு.
உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

சேலம் ஆபீஸில் படிவம் நிரப்பினேன்.
சந்தித்த வீடுகள்: இருபத்து மூன்று.
கொடுத்த கைப்பிரதிகள்: அறுபது.
நனைந்தவற்றுக்குக் கட்டம் இல்லை.
கை உயர்த்தியவர்கள்:
கண்ணை மூடி எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தொன்று என்று எழுதினேன்,
பூசாரியையும் சேர்த்து.
மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்தோத்திரம் என்றார்கள்.
நான் திருத்தவில்லை.

சித்ராவின் காகிதங்களோடு
இரண்டு திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போய்வந்தேன்.
நாளை மூன்றாவது.

நோட்டில் மை ஊறிவிட்டது.
சடையனின் காட்டெருமை
பூங்காவனத்தின் மகன்மேல் ஏறி நிற்கிறது.
பெயர் சொல்லாதவரின் மனைவி
மழைக்குள் போய்விட்டாள்.
யாருக்கு எதைக் கேட்பது?
இரவில் விளக்குப் பக்கம் உட்கார்ந்து
அந்தப் பக்கத்தை அப்படியே
தூக்கிக் காட்டுகிறேன்.